மறுவாழ்வு தந்த மாதரசி: டாக்டர் மேரி வர்கீஸ் அம்மையார்

மருத்துவத்தின் உறுப்புகளை எண்ணிக் காட்டப் புகுந்த வள்ளுவப் பெருந்தகை, நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து என்னும் மூன்றோடு நின்றுவிடவில்லை. நோயாளியின் பக்கத்தில் இருந்து துணை புரிபவனையும் நான்காவது உறுப்பாக வைத்து எண்ணினார். உழைச்செல்வான் என்பது அவனுக்கு அவர் இட்ட பெயர். இந்த நான்காமவனுடைய பெருமையை உலகம் உணர்வதற்குப் பல நூற்றாண்டுகள் ஆயின. உயிரைக் காத்ததோடு மருத்துவம் முடிந்தது என்றும், அதற்குமேல் நடப்பது நோயாளியின் தலைவிதி என்றும் எண்ணிய காலம் அண்மை வரையில் இருந்தது. முறிந்த உடலுக்கும் முழு வாழ்வு உண்டு என்று காட்டுவது ஒரு தனிக்கலை. அதனைக் கற்பது ஒரு தனிக்கல்வி. அக்கலையை நம் தமிழ் மண்ணில் வேரூன்றச் செய்தவர்களுள் முதல் வரிசையில் நிற்பவர், வேலூர் டாக்டர் மேரி வர்கீஸ் அம்மையார். அவருடைய வாழ்க்கையை நம் சங்கக் குடும்பத்தினருக்கு, குறிப்பாக மேற்படிப்பின் வாயிலில் நிற்கும் நம் பிள்ளைகளுக்கு எடுத்துரைப்பது இவ்வாண்டு மலருக்குப் பொருத்தமான பணியெனக் கருதுகிறோம்.

பிறப்பும் கல்வியும்

அம்மையார் 1925ஆம் ஆண்டில், கொச்சியை அடுத்த செறாயி என்னும் கடலோரச் சிற்றூரில் பிறந்தார். செல்வமும் இறைப்பற்றும் ஒருங்கே வாய்ந்த குடும்பம்; உடன் பிறந்தாரும் பலர். எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில் பயின்றபின், மருத்துவம் கற்கும் ஆர்வத்தால் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியை நாடி வந்தார்.

வேலூரின் வரலாற்றை நம்மில் பலர் அறிவர். ஐடா ஸ்கடர் அம்மையார் 1900ஆம் ஆண்டில் ஒரே ஒரு கட்டிலுடன் தொடங்கிய மருத்துவப் பணி, 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியாக வளர்ந்து, 1940களில் பல்கலைக் கழகப் பட்டம் வழங்கும் கல்லூரியாக உயர்ந்தது. மேரி வர்கீஸ் அங்கு மாணவியாகச் சேர்ந்த காலம் அந்த உயர்வின் தொடக்க காலமாகும்.

ஈண்டு ஒன்றை நினைவிற் கொள்ளுதல் நன்று. அம்மையார் பிறந்தது மலையாள நாட்டில். அவர் தாய்மொழி மலையாளம். படிப்பதற்கென்று தமிழ் வழங்கும் ஊருக்கு வந்தவர், அங்கேயே தங்கித் தம் வாழ்நாள் முழுவதையும் அவ்வூர் மக்களுக்கே ஈந்தார். பிழைப்பின் பொருட்டு மைசூர் வந்து, கன்னட மக்களின் அன்பில் திளைத்து, இம்மண்ணையே தம் மண்ணாகக் கொண்டு வாழும் நமக்கு, அவருடைய வாழ்வு இந்த வகையிலும் நெருக்கமானதாகும்.

ஊழின் வலி

மருத்துவப் பட்டம் பெற்று, பயிற்சி மருத்துவராகப் பணியாற்றி, மகளிர் மருத்துவத் துறையில் மேலும் தேர்ச்சி பெற விரும்பியிருந்தார் மேரி. வாழ்க்கை தெளிந்த நீரோடைபோல் சென்றுகொண்டிருந்தது. 1954ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு நாள், உடன் பணிபுரிந்த இளம் மருத்துவர்களோடு உல்லாசப் பயணம் புறப்பட்டார். அவர்கள் சென்ற வண்டி வழியில் கவிழ்ந்தது. மேரியின் முகம் ஆழமாகக் கிழிபட்டது. அதனினும் கொடியதாக, முதுகெலும்பு முறிந்து, அதனுள் ஓடும் தண்டுவடம் சிதைந்தது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சியும் இல்லை, அசைவும் இல்லை. அப்பொழுது அவருக்கு வயது 28.

தண்டுவடம் என்பது மூளைக்கும் உடலுக்கும் இடையே செய்தி செல்லும் வழி. கையெலும்பு முறிந்தால் கூடும். தோல் கிழிந்தால் ஆறும். தண்டுவடம் அறுந்தால் மீண்டும் பொருந்துவதில்லை. இத்தகைய நோயாளிகள் அக்காலத்தில் பட்ட துன்பத்தை இன்று நாம் எண்ணிப் பார்ப்பதும் அரிது. உணர்ச்சியற்ற உடல் ஒரே நிலையில் கிடப்பதால் படுக்கைப் புண் தோன்றும். சிறுநீர் தேங்குவதால் சிறுநீரகம் கெடும். இவ்விரண்டுமே பலரைச் சில ஆண்டுகளுக்குள் மாய்த்துவிடும். இங்கிலாந்தில் ஸ்டோக் மாண்டவில் என்னும் இடத்தில், லுட்விக் குட்மன் என்ற மருத்துவர் 1944ஆம் ஆண்டில் போர்வீரர்களுக்கென ஒரு தனிப் பிரிவைத் தொடங்கினார். நோயாளியைக் குறித்த நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைத்தல், சிறுநீர்ப் பையைத் தூய்மையாகப் பேணுதல், எஞ்சியுள்ள தசைகளுக்கு வலிமை ஊட்டுதல் ஆகிய எளிய முறைகளாலேயே அவர்களை நெடுநாள் வாழவைக்கலாம் என்று அவர் மெய்ப்பித்துக் காட்டினார். அவர் 1948இல் தம் நோயாளிகளுக்கென நடத்திய வில்வித்தைப் போட்டியே இன்று உலகம் போற்றும் பாராலிம்பிக் விளையாட்டுகளின் வித்து ஆகும். எனினும், மேரி அடிபட்ட காலத்தில் நம் நாட்டில் அந்த அறிவு பரவியிருக்கவில்லை. பிறருடைய நோயைத் தீர்க்கக் கற்ற மருத்துவர், தம் நோய்க்குத் தீர்வில்லை என்று அறிந்தார். முகத்திலோ என்றும் மறையாத வடு. உடலோ பாதி உயிரற்றது. திங்கள் பல படுக்கையிலேயே கழிந்தன.

அமர்ந்த நிலையில் அறுவைத் தொண்டு

இந்த இருளில் அவருக்கு வழிகாட்டியாக வந்தவர் டாக்டர் பால் பிராண்ட். ஆங்கிலேயப் பெற்றோருக்கு 1914ஆம் ஆண்டில் நம் சேலத்துப் பக்கத்துக் கொல்லி மலையில் பிறந்தவர். 1946இல் வேலூருக்குப் பணியாற்ற வந்தவர். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவை மருத்துவத்தால் நிமிர்த்த இயலும் என்று உலகுக்குக் காட்டிய பேரறிஞர் அவர். தொழுநோயாளரின் கையறுவை நெடுநேரம் பிடிப்பது, நுட்பமானது, மேசையின் அருகே அமர்ந்தபடியே செய்யத்தக்கது. கால்கள் பயனற்றுப் போனாலும் கைகளும் அறிவும் குறையாதிருந்த மேரிக்கு இதனினும் ஏற்ற பணி வேறு யாது? சக்கர நாற்காலியில் இருந்தபடியே கையறுவை மருத்துவம் பயிலுமாறு பிராண்ட் அவரை ஊக்கினார்.

ஊக்குதல் எளிது, உடல் இடங்கொடுக்க வேண்டுமே. நிமிர்ந்து அமர்வதற்கே முதுகெலும்பில் அறுவை மருத்துவம் வேண்டியிருந்தது. அதனையும் மேரி ஏற்றார். முடிவில், சக்கர நாற்காலியில் அமர்ந்து, அறுவை மேசையைத் தம் உயரத்துக்கு இசைய வைத்துக்கொண்டு, தொழுநோயாளரின் விரல்களை நிமிர்த்தலானார். மக்களால் ஒதுக்கப்பட்டு, தம் உடலைத் தாமே வெறுத்திருந்த அந்நோயாளிகள், தம்மினும் மிக்க உடற்குறையோடு வந்து தமக்குத் தொண்டு செய்யும் மருத்துவரைக் கண்டு வியந்தனர்; வியப்பினும் மிகுதியாகத் தெம்பு பெற்றனர்.

இந்த அறுவை மருத்துவத்தில், நம் பிள்ளைகள் அறிய வேண்டிய ஓர் உண்மை அடங்கியுள்ளது. கத்தியின் வேலை முடிந்ததோடு கை சீராகிவிடுவதில்லை. மோதிர விரலை மடக்கும் தசைநாண் ஒன்றை எடுத்துக் கட்டை விரலில் இணைப்பதாகக் கொள்வோம். கட்டு அவிழ்த்தவுடன் நோயாளி கட்டை விரலை அசைக்க முயன்றால் அது அசையாது. மூளைக்கு அத்தசை இன்னும் மோதிர விரலின் தசையே ஆகும். மோதிர விரலை மடக்க நினை என்று பயிற்றுநர் சொல்லித்தர வேண்டும். அவ்வாறு நினைத்த அளவில் கட்டை விரல் அசையும். நாள்தோறும் பயின்று, பழைய நினைப்பு மறைந்து புதிய பழக்கம் ஊன்றும் வரையில் பக்கத்திலிருந்து கற்பிப்பவர் இயன்முறை மருத்துவர். அதற்குப்பின், அந்தக் கையால் உணவு உண்ணவும், எழுதவும், தச்சு வேலை செய்து பிழைக்கவும் கற்றுத்தருபவர் தொழில்வழி மருத்துவர். அறுவை மருத்துவரின் உழைப்பு சில மணி நேரம். இவர்களுடைய உழைப்போ திங்கள் கணக்கில். இவர்கள் இல்லையேல் அறுவையும் வீணே. வள்ளுவர் நான்காவதாக எண்ணிய துணைவரின் பெருமை இதுவே.

மீண்டும் மாணவி

தம் பணியில் இவ்வாறு நிலைபெற்ற பின்னும் அம்மையார் மன நிறைவு கொள்ளவில்லை. தம்மைப் போல் முதுகு முறிந்தவர்களுக்கு நம் நாட்டில் யார் வழிகாட்டுவது என்னும் எண்ணம் மேலோங்கியது. தென்னை, பனை, புளிய மரங்களில் ஏறித் தவறி விழுவோரும், கிணறு வெட்டுகையில் விழுவோரும், சாலை நேர்ச்சியில் சிக்குவோரும் தமிழ்நாட்டில் ஏராளம். அவர்களுள் பெரும்பாலோர் ஏழை உழவர். குடும்பத்தைத் தாங்கும் ஆண்மக்கள். மருத்துவமனையிலிருந்து கட்டிலோடு வீட்டுக்கு அனுப்பப்பட்டால் அவர்கள் கதி என்னாகும் என்பதை அம்மையாரைவிட நன்கு அறிந்தவர் யார்?

ஆதலின், முதலில் தம் உடலையே பயிற்றிக் கொள்ளப் புறப்பட்டார். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் தண்டுவட நோயாளிகளுக்கென அமைந்திருந்த மருத்துவமனையில் தங்கி, பிறர் உதவியின்றி நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு மாறுதல், உடுத்துதல், கால்களுக்குத் தாங்கு கருவி பூட்டி நிற்றல் ஆகியவற்றைக் கற்றார். பிறகு அமெரிக்கா சென்று, நியூயார்க்கில் டாக்டர் ஹோவர்டு ரஸ்க் நடத்திவந்த மறுவாழ்வு மருத்துவ நிலையத்தில் சேர்ந்தார். இரண்டாம் உலகப் போரில் காயமுற்ற விமானப்படை வீரர்களைப் படுக்கையிலேயே சோம்பிக் கிடக்க விடாமல், பயிற்சியாலும் கல்வியாலும் மீண்டும் வாழ்வுக்கு ஆயத்தப்படுத்தியவர் ரஸ்க். மறுவாழ்வு மருத்துவம் என்னும் துறைக்குத் தந்தை எனவே அவரைப் போற்றுவர்.

அங்கே அம்மையார் நோயாளியாக அன்றி மாணவியாக இருந்தார். ஏற்கெனவே ஒரு மருத்துவப் பட்டம். அறுவைத் துறையில் நற்பெயர். சக்கர நாற்காலியில் வாழ்க்கை. இத்தனைக்குப் பின்னும், தம்மினும் இளையவர்களோடு அமர்ந்து, ஒரு புதிய துறையை அடியிலிருந்து கற்று, அமெரிக்க நாட்டின் தேர்வுகளிலும் தேறினார். கற்றது போதும் என்று எண்ணாத இந்தப் பண்பே அவரை மற்ற மருத்துவர்களினின்றும் வேறுபடுத்திக் காட்டுகின்றது. அவ்வாறு கற்றவர் அங்கேயே தங்கிப் பொருளீட்ட விரும்பாமல் வேலூருக்கே திரும்பினார் என்பது அதனினும் போற்றத்தக்கது.

வேலூரில் எழுந்த நிலையம்

1963ஆம் ஆண்டில், வேலூர் மருத்துவக் கல்லூரியின் உடலியல் மருத்துவ மறுவாழ்வுத் துறைக்கு அம்மையார் தலைவரானார். அதே ஆண்டில், அமெரிக்க எழுத்தாளர் டாரத்தி கிளார்க் வில்சன் எழுதிய அவருடைய வாழ்க்கை வரலாறு வெளிவந்து, அவர் பெயரைப் பல நாடுகளுக்கும் கொண்டு சென்றது. நோயாளிகள் தங்கிப் பயிற்சி பெறுவதற்கான மறுவாழ்வு நிலையம், வேலூரை அடுத்த பாகாயத்தில் 1966ஆம் ஆண்டில் திறக்கப்பெற்றது. இத்துறையில் நம் நாட்டுக்கு அது ஒரு முன்னோடி.

அந்நிலையத்தின் நோக்கம் நோயாளியின் நாடியை மட்டும் பார்ப்பதன்று. அவருடைய வீட்டையும் ஊரையும் தொழிலையும் சேர்த்துப் பார்ப்பது. மேலை நாட்டில் அம்மையார் கண்டவை அகன்ற சாலைகளும் மின்தூக்கிகளும். நம் நாட்டு நோயாளி திரும்பப் போவதோ மண் தரையும் உயர்ந்த வாயிற்படியும் உள்ள குடிசைக்கு. அங்கே தரையில் அமர்ந்தே உண்ண வேண்டும். தரையில் அமர்ந்தே உழைக்க வேண்டும். மேனாட்டில் கற்றதை நம் ஊர்க்கு இசைய மாற்றுவதே மெய்யான கல்வி. தோள்களின் வலிமையால் உடலைத் தூக்கி நகர்தல், புண் தோன்றாதபடி நாள்தோறும் தோலைப் பார்த்துக் கொள்ளுதல், அமர்ந்து செய்யத்தக்க ஒரு தொழிலைக் கற்றல், உடன் வந்த மனைவியையோ தாயையோ இவை அனைத்திலும் பழக்குதல் என்று பயிற்சி விரிந்தது. இவற்றைக் கற்பிப்பதற்கு ஒரு மருத்துவர் போதாது. செவிலியர், இயன்முறை மருத்துவர், தொழில்வழி மருத்துவர், செயற்கைக் காலும் தாங்கு கருவியும் செய்வோர், சமூகப் பணியாளர் ஆகிய அனைவரும் ஒரே குழுவாக இயங்குவது இத்துறையின் உயிர்நாடி. எல்லாவற்றுக்கும் மேலாக, எல்லாம் போயிற்று என்று அழுது வருபவன் முன், அவனைப் போலவே நடக்க இயலாத ஒருவர் மருத்துவராக வந்து நிற்பதைக் காட்டிலும் சிறந்த மருந்து வேறில்லை.

இந்திய அரசு 1972ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது அளித்து அம்மையாரைச் சிறப்பித்தது. 1986ஆம் ஆண்டில் அவர் இறைவனடி சேர்ந்தார். கால்கள் செயலற்ற பின் அவர் வாழ்ந்தது 32 ஆண்டுகள். அவர் ஆற்றிய அரும்பணிகள் அனைத்தும் அந்த 32 ஆண்டுகளுக்குள் அடங்கும். அவர் வளர்த்த நிலையம் அவர் பெயரைத் தாங்கி இன்றும் தொண்டு புரிகின்றது. அங்கே பயிற்சி பெற்றுச் சென்றோர் ஆண்டுதோறும் ஒன்றுகூடி மகிழும் விழாவும் நடைபெற்று வருகின்றது.

நம் மைசூரில் எழுந்த கலைக்கோயில்

வேலூரில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பெற்ற அதே 1966ஆம் ஆண்டில், நம் மைசூரில் மற்றொரு நற்பணிக்குக் கால்கோள் நிகழ்ந்தது. மானச கங்கோத்திரியை அடுத்து எழுந்த அகில இந்தியப் பேச்சு, கேட்பியல் நிறுவனத்தையே குறிப்பிடுகிறோம். அதற்கு அடிக்கல் நாட்டியவர், அந்நாளில் குடியரசுத் தலைவராக விளங்கிய டாக்டர் இராதாகிருஷ்ணன். திருத்தணியில் பிறந்து, 1918 முதல் 1921 வரை நம் மைசூர் மகாராஜா கல்லூரியில் தத்துவம் கற்பித்த பேராசிரியர் அவர். மாணவர் நெஞ்சைக் கவர்ந்த ஆசிரியர் ஒருவர், தாம் முன்பு பணியாற்றிய ஊரிலேயே, பேச இயலாதோர்க்கும் கேட்க இயலாதோர்க்கும் வழிகாட்டும் கல்விக்கு அடிக்கல் நாட்டியது எத்துணைப் பொருத்தம்!

வேலூர் நிலையம் கை, கால் இழந்தோர்க்குச் செய்த தொண்டை, மைசூர் நிறுவனம் சொல் இழந்தோர்க்குச் செய்து வருகின்றது. பிறவியிலேயே செவித்திறன் குன்றிய குழந்தை, திக்கிப் பேசும் மாணவன், பக்கவாதத்தால் பேச்சிழந்த முதியவர் ஆகியோர் பல மாநிலங்களிலிருந்தும் இங்கு வருகின்றனர். இவர்களுக்குத் துணைபுரியும் கலையை இளைஞர்க்குக் கற்பித்து, மைசூர்ப் பல்கலைக் கழகத்தின் பட்டம் பெறச் செய்வதும் இந்நிறுவனமே. நம் வீட்டு வாயிலிலேயே இத்தகைய கல்வி இருக்க, நம்மவர் பலர் அதனைக் கவனியாதிருப்பது வருந்தத்தக்கது.

நம் குடும்பங்களில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளை நன்றாகப் படித்தால் மருத்துவன் அல்லது பொறியாளன் ஆக வேண்டும். மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்கவில்லை எனில் வீடே துக்கம் காக்கும். இயன்முறை மருத்துவம், தொழில்வழி மருத்துவம், பேச்சு மருத்துவம் ஆகியவற்றை இடம் கிடைக்காதவர்க்கான இரண்டாம் படியாகக் கருதுவோரும் உளர். இது தவறான கணக்கு. பம்பாயில் 1950ஆம் ஆண்டில் கமலா நிம்ப்கர் அம்மையார் தொழில்வழி மருத்துவப் பள்ளியைத் தொடங்கியபோது இக்கல்வியின் பெயரை அறிந்தவரே நம் நாட்டில் சிலர். இன்றோ நிலை வேறு. 1992ஆம் ஆண்டுச் சட்டம் இந்திய மறுவாழ்வுக் குழுமத்துக்குச் சட்டத் தகுதி அளித்தது. பேச்சு மருத்துவர், சிறப்புக் கல்வி ஆசிரியர் முதலியோரின் கல்வி அதன் மேற்பார்வையில் நடைபெறுகின்றது. 2021ஆம் ஆண்டுச் சட்டம் இயன்முறை மருத்துவத்தையும் தொழில்வழி மருத்துவத்தையும் நாடு தழுவிய ஒழுங்குக்குள் கொண்டு வந்தது. முதியோர் பெருகிவரும் நாட்டில், பக்கவாதமும் மூட்டு நோயும் விபத்தும் மலிந்த காலத்தில், இத்தொழில்களின் தேவை குறையப் போவதில்லை.

இத்துறைகளில் சேர விரும்பும் மாணவர் ஒன்றை அறிந்து சேர வேண்டும். இங்கு வெற்றி ஒரே நாளில் தோன்றாது. ஒரு குழந்தை ஒரு சொல்லைத் தெளிவாகச் சொல்வதற்கு ஓராண்டும் ஆகலாம். உடற்கூறும் நரம்பியலும் கற்பதற்கு அறிவு வேண்டும். அதே பயிற்சியை நூறாம் முறையும் முகம் சுளியாமல் கற்பிப்பதற்கு அன்பு வேண்டும். இவ்விரண்டும் உடையவர் எவரோ அவரே இக்கல்விக்கு உரியவர்.

தமிழ்க் குடும்பங்களுக்கு இதில் ஒரு தனிக்கடமையும் உண்டு. நம் குழந்தைகள் வீட்டில் தமிழும், தெருவில் கன்னடமும், பள்ளியில் ஆங்கிலமும் பேசி வளர்கின்றனர். பேச்சுத் தாமதமான குழந்தையைக் கண்டு, மொழிகள் பல கலந்ததால் வந்த கேடு என்று பெற்றோர் அஞ்சுவதுண்டு. பல மொழி கேட்டு வளர்வது குழந்தையின் பேச்சைக் கெடுப்பதில்லை என்பது ஆராய்ந்தவர் கண்ட முடிவு. ஆதலின் தாய்மொழியை நிறுத்துவது மருந்தாகாது. உண்மைக் குறை உண்டா, ரகர ழகரம் போன்று இயல்பாகவே பிந்தி வாய்க்கும் ஒலிகளா என்பதைக் குழந்தையின் வீட்டு மொழியில் பேசிப் பார்த்தே தெளிய வேண்டும். பக்கவாதத்தால் சொல்லிழந்த பாட்டனாருக்கும் அவ்வாறே. அவர் தேடித் தவிக்கும் சொல் தமிழ்ச் சொல்லாயின், தமிழறிந்த பேச்சு மருத்துவரே அதனை எளிதில் மீட்டுத் தருவார். தமிழும் கன்னடமும் நன்கறிந்த நம் பிள்ளைகள் இக்கல்வியை மேற்கொண்டால், இரு மொழி மக்களுக்கும் அவர்கள் பாலமாக விளங்குவர். தாய்மொழிக்குத் தொண்டு செய்தல் என்பது மேடையில் முழங்குவது மட்டுமன்று. இதுவும் தமிழ்த் தொண்டே.

இன்னொன்று. உடற்குறையுள்ள பிள்ளையை விருந்தினர் கண்ணில் படாமல் உள்ளறையில் வைக்கும் வழக்கம் இன்னும் முற்றிலும் ஒழிந்தபாடில்லை. முகத்தில் வடுவோடும், செயலற்ற காலோடும் உலகின் முன் வந்து, நூற்றுக்கணக்கானோர்க்கு வாழ்வளித்த மேரி வர்கீஸ் அம்மையாரின் வரலாற்றைப் படித்த பின்னும் அவ்வழக்கத்தைத் தொடர நமக்கு மனம் வருமா? நம் சங்க விழாக்களில், முன் வரிசையில் சக்கர நாற்காலிக்கு இடம் விடுவோம். மேடை ஏறும் படிக்கு அருகே ஒரு சாய்தளம் அமைப்போம். அம்மையாருக்கு நாம் செலுத்தும் அஞ்சலி இங்கிருந்து தொடங்கட்டும்.

வேலூரில் ஒளிர்ந்த அவ்விளக்கின் சுடர், நம் மைசூர்த் தமிழ் இல்லங்களிலும் ஏற்றப்படுவதாக! மேரி வர்கீஸ் அம்மையாரின் புகழ் நீடு வாழ்க!